சந்தாவும் உரிமையும்

ஊரை விட்டு வந்து, பிற மாநிலங்களில் வேலை செய்து வாழும் தமிழர்களாகிய நமக்கு நோய் ஒருபோதும் தனியாக வருவதில்லை. பத்து நாள் படுக்கையில் கிடந்தால் பத்து நாள் கூலி போகிறது. வைத்தியச் செலவுக்குக் கைமாற்று வாங்க அருகில் மாமன் மைத்துனன் இல்லை. மருத்துவரிடம் உடம்பின் உபாதையை விளங்கச் சொல்வதற்கும் மொழி இடம் கொடுப்பதில்லை. ஆகவே வட்டிக்குக் கடன் வாங்கிச் சமாளிக்கிறோம். நோய் தீர்ந்த பின்னரும் கடன் தீர்வதில்லை. குறைந்த வருவாயுள்ள ஒரு குடும்பம் தன் சக்திக்கு ஏற்ற விலையில் நோய்க்குக் காப்புத் தேடிக்கொள்ள இந்நாட்டில் வழி உண்டா என்பது, நம்மில் பலருக்கு ஏட்டுக் கேள்வியன்று. மாதாமாதம் வீட்டில் எழும் கேள்வி.

வழிகள் உண்டு. ஆனால் அவை ஒரே நாளில் ஒரே கையால் அமைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு வகையினரை மனத்திற் கொண்டு திறக்கப்பட்ட கதவு. எந்தக் கதவு யாருக்காகத் திறந்தது என்ற வரலாற்றை அறிந்தால்தான், நாம் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் விளங்கும்.

இன்ஷூரன்ஸ் என்பதன் அடிப்படை நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததே. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை, துன்பம் நேர்ந்த சிலருக்குக் கொடுத்து உதவுவது அது. யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட இயலும். இந்தக் கணக்கே இன்ஷூரன்ஸின் மூலதனம். எனினும், சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டால் ஒரு சிக்கல் எழுகிறது. உடம்பு நன்றாக இருப்பவன் "எனக்கு எதற்கு?" என்று ஒதுங்கி நிற்பான்; நோயாளியோ முந்திக்கொண்டு சேர்வான். அப்போது செலவு பெருகும், பிரீமியம் ஏறும், ஏழை விலகுவான். இதனை உணர்ந்த ஜெர்மானிய அரசாங்கம், பிஸ்மார்க்கின் ஆட்சியில், 1883-ஆம் ஆண்டு தொழிலாளருக்கு நோய் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிற்று. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். பிரிட்டன் 1911-இல் இதே வழியைப் பின்பற்றியது.

இந்தியாவில் அக்காலத்தில் ஆலைகள் பெருகியிருந்தும் அத்தகைய ஏற்பாடு வரவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் முதற்படியாக அமைந்தது. இயந்திரத்தில் கை சிக்கி விரல் போனால் நஷ்டஈடு கேட்க அச்சட்டம் வழி செய்தது. ஆனால் அதே தொழிலாளி மலேரியாக் காய்ச்சலில் விழுந்தாலும், காசநோயால் மெலிந்தாலும் அச்சட்டம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1929-இல் நியமிக்கப்பட்டு 1931-இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன் நோய் இன்ஷூரன்ஸின் தேவையை வற்புறுத்தியது. அதற்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது உலகப் போரின் நடுவில், 1943 மார்ச் மாதத்தில், பேராசிரியர் பி. பி. அடார்கரை இந்திய அரசாங்கம் இப்பணிக்கென நியமித்தது. பிரிட்டனில் பெவரிட்ஜ் தம் புகழ்பெற்ற சமூகக் காப்பு அறிக்கையை வெளியிட்டிருந்த சமயம் அது. அதனால் அடார்கரை 'சோட்டா பெவரிட்ஜ்', அதாவது 'சின்ன பெவரிட்ஜ்', என்றே பலர் அழைத்தனர். அவர் 1944 ஆகஸ்ட் 15-ஆம் நாள் தம் அறிக்கையை அளித்தார். நெசவு, பொறியியல், கனிமங்கள் மற்றும் உலோகம் ஆகிய மூவகைத் தொழிற்சாலைகளில் உழைப்போருக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் வேண்டும் என்பது அவர் யோசனை. அடுத்த ஆண்டு அதனைப் பரிசீலித்த சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் நிபுணர்களான ஸ்டாக், ராவ் இருவரும் அதை விரிவுபடுத்தினர். பிரசவ உதவியையும் விபத்து நஷ்டஈட்டையும் இதனுடன் இணைக்க வேண்டும் என்றும், பருவகாலத் தொழிற்சாலைகள் நீங்கலாக ஏனைய தொழிற்சாலைகள் அனைத்துக்கும் இது பொருந்த வேண்டும் என்றும் அவர்கள் கூறினர்.

அதே காலத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. சர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டி 1946-இல் தந்த அறிக்கையில், பணம் செலுத்த இயலாமை காரணமாக எவருக்கும் வைத்தியம் கிடைக்காமற் போகலாகாது என்ற கொள்கையை முன்வைத்தது. வரிப்பணத்திலிருந்து எல்லோருக்கும் மருத்துவ வசதி என்பது போர் கமிட்டி காட்டிய பாதை. உழைப்பவனும் முதலாளியும் சந்தா செலுத்தி, அதனால் உரிமை பெறுவது அடார்கர் காட்டிய பாதை. இந்தியா இரண்டு பாதைகளிலும் சிறிது சிறிது நடந்தது. இரண்டிலும் இறுதிவரை செல்லவில்லை. இன்று நாம் காணும் குழப்பங்களுக்கு இதுவே ஒரு பெருங்காரணம்.

1948 ஏப்ரல் மாதத்தில் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த கார்ப்பொரேஷனை அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்தார். சட்டம் வந்துவிட்டதேயன்றித் திட்டம் உடனே வரவில்லை. எல்லா நகரங்களிலும் ஒரே சமயத்தில் மருந்தகங்கள் திறக்க டாக்டர்களும் கட்டிடங்களும் போதவில்லை. முதலில் ஓரிரு நகரங்களில் தொடங்கலாம் என்றால், அந்நகரங்களின் ஆலை முதலாளிகள், தாங்கள் மட்டும் சந்தா செலுத்தினால் மற்ற ஊர் ஆலைகளுடன் போட்டியிட இயலாது என்று முறையிட்டனர். 1951-ஆம் ஆண்டின் திருத்தம் இச்சிக்கலைத் தீர்த்தது. திட்டம் வந்த ஊர் முதலாளிகள் கூடுதலாகவும், வராத ஊர் முதலாளிகள் குறைவாகவும், நாடெங்கும் எல்லோரும் ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஓர் ஊர்த் தொழிலாளியின் நோய்க்கு இன்னோர் ஊரின் ஆலையும் பொறுப்பேற்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1952 பிப்ரவரி 24-ஆம் நாள், கான்பூரில் திரண்ட பெருங்கூட்டத்தில் பிரதமர் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் டில்லியிலும் அது அமுலுக்கு வந்தது. இரு நகரங்களிலுமாக 1,20,000 தொழிலாளர் முதலில் சேர்ந்தனர். நேருவே முதல் கௌரவ உறுப்பினராகப் படிவத்தில் கையொப்பமிட்டார். பம்பாய்க்கு 1954-இலும், கோயம்புத்தூருக்கு 1955-இலும் திட்டம் வந்தது.

தொடக்கத்தில் மாதம் 400 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம் பெறுவோர் இதில் சேர்க்கப்பட்டனர். மின்சக்தி போன்ற விசையால் இயங்கி, இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளே உட்பட்டன. பத்துப் பதினைந்து பேருடன் நடக்கும் பட்டறை, தெருவோரத் தையற்கடை, கட்டிட வேலை, வீட்டு வேலை ஆகியவை வெளியே நின்றன. முதலில் தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்த மருத்துவ வசதி, 1958-ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் குடும்பத்தினருக்கும் விரிந்தது. சம்பள வரம்பு 500 ரூபாயாகவும், 1975-இல் 1,000 ரூபாயாகவும் உயர்ந்து, பின்னர் பல முறை மாறி, 2010-இல் 15,000 ரூபாயாகவும், 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாகவும் ஆயிற்று. 2019 ஜூலை முதல் சந்தாவின் விகிதம் குறைக்கப்பட்டு, தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் என்றும், முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. பத்தாயிரம் ரூபாய் சம்பளக்காரர் மாதம் 75 ரூபாய் செலுத்துகிறார். அதற்கு ஈடாகத் தமக்கும் குடும்பத்துக்கும் வைத்தியமும், நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களில், ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவிகிதமும் பெறும் உரிமை அவருக்கு உண்டாகிறது. ஆறு மாதச் சந்தாக் காலம் ஒன்றில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தியிருந்தால் இந்நோய்க்காலப் பணம் கிடைக்கும். வைத்தியச் செலவை ஏற்கும் திட்டங்கள் பல உண்டு; இழந்த கூலியையும் ஈடு செய்வது ஈ.எஸ்.ஐ.யின் தனிச்சிறப்பு. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு அதுவே பாதி மருந்து.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அரசாங்கப் படிவங்களைத் தமிழாக்கும் எங்களைப் போன்றோர், இத்திட்டத்தால் கிடைப்பதைச் 'சலுகை' என்று எழுதும் வழக்கத்தை அடிக்கடி காண்கிறோம். சலுகை என்பது கொடுப்பவர் மனமிரங்கித் தருவது. சந்தா செலுத்தியவன் பெறுவது அவனுக்குச் சேர வேண்டிய பயன். சலுகை என்று நம்பிக் கொண்டிருப்பவன் மருந்தகத்தின் ஜன்னல் முன் கைகட்டி நிற்பான். மறுத்தால் திரும்பிப் போவான். தனக்குரிய பயன் என்று அறிந்தவன் காரணம் கேட்பான். ஒரு சொல்லில் இத்தனை வேற்றுமை இருக்கிறது.

ஆலை வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் கதை வேறு விதமாகச் சென்றது. மத்திய அரசாங்க ஊழியருக்கு 1954-ஆம் ஆண்டு டில்லியில் சந்தா முறையிலான மருத்துவத் திட்டம் ஒன்று வந்தது. பொது மக்களுக்கோ நெடுங்காலம் ஒன்றும் இல்லை. 1973 ஜனவரி முதல் பொது இன்ஷூரன்ஸ் தொழில் நாட்டுடைமையாகி, சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட நான்கு கம்பெனிகளாக அமைந்தது. அவை 1986-இல் 'மெடிக்ளெய்ம்' என்ற பாலிசியைக் கொண்டு வந்தன. அதன் பிரீமியம் நடுத்தர வகுப்பாருக்கு ஏற்றதாயிருந்தது. ஏழைகளுக்கென்று 1996-இல் வந்த 'ஜன் ஆரோக்கிய' பாலிசியில், ஆண்டுக்கு 70 ரூபாய் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை காப்பு இருந்தது. 2003-இல் வந்த மற்றொரு திட்டம், தனி நபருக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய், ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று கணக்கிட்டு, 30,000 ரூபாய் வரை காப்பு அளித்தது.

விலை குறைவாக இருந்தும் இவை ஏழைகளிடம் வேரூன்றவில்லை. முதலில் கையிலிருந்து செலவழித்து, ரசீதுகளைச் சேர்த்து, படிவம் பூர்த்தி செய்து, பிறகு பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது முறை. முன்பணம் இல்லாதவனுக்குப் பின்னால் வரும் பணம் எதற்கு உதவும்? பிரீமியம் மலிவாக இருப்பது மட்டும் போதாது, பயன்படுத்தும் முறையும் ஏழையின் நிலைக்கு இசைந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த அனுபவம் கற்பித்தது.

அப்பாடத்தைக் கற்றதன் விளைவே 2008 ஏப்ரலில் தொடங்கிய 'ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா'. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள ஐவர் அடங்கிய குடும்பம் 30 ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தினால் போதுமாயிருந்தது. பிரீமியத்தை மத்திய மாநில அரசாங்கங்கள் ஏற்றன. ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை, கையில் காசின்றி, அட்டையைக் காட்டி மருத்துவமனையில் சிகிச்சை பெற முடிந்தது. புலம்பெயர்ந்து உழைப்பவருக்கு இதில் ஓர் அரிய வசதி இருந்தது. அட்டையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஊரிலுள்ள குடும்பத்திடம் விட்டு, மற்றொன்றைத் தாம் வேலை செய்யும் ஊருக்கு எடுத்துச் செல்ல விதி இடம் கொடுத்தது. குடும்பம் ஓரிடத்தில், உழைப்பவர் ஓரிடத்தில் என்ற நம் வாழ்க்கை நிலையைக் கண்டுணர்ந்து வகுத்த விதி அது.

அதே ஆண்டுகளில் மாநில அரசாங்கங்களும் முன்வந்தன. கர்நாடகத்தில் 2003-இல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காக 'யசஸ்வினி' திட்டம், நபருக்கு ஆண்டுக்கு 60 ரூபாய்ச் சந்தாவில் தொடங்கிற்று. ஆந்திரத்தில் 2007-இலும், தமிழ்நாட்டில் 2009-இலும், ஏழைகளின் பெரிய சிகிச்சைகளுக்கான திட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டுத் திட்டம் 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இவை செய்த நன்மை பெரிது. ஆயினும் இவற்றிற்கு எல்லைக்கோடு உண்டு. குடும்ப அட்டை எந்த மாநிலத்ததோ அந்த மாநிலமே பொறுப்பேற்கும். பெங்களூரில் இருபது ஆண்டு உழைத்தும் குடும்ப அட்டை தருமபுரியில் இருந்தால், கர்நாடகத்தின் கணக்கில் அவர் இல்லை. தமிழ்நாட்டின் கணக்கில் இருந்தும் அவர் அருகில் இல்லை. இரண்டு வீடு இருந்தும் மழைக்கு ஒதுங்கக் கூரை இல்லாத நிலை இது.

இந்நிலையை மாற்றச் சில முயற்சிகள் நடந்துள்ளன. கேரள அரசாங்கம் 2017-இல் பிற மாநிலத் தொழிலாளருக்கென்றே 'ஆவாஸ்' என்ற இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் தொடங்கிற்று. 2018 செப்டம்பர் 23-ஆம் நாள் ராஞ்சியில் தொடங்கிய 'ஆயுஷ்மான் பாரத்' திட்டம், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பு அளிக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இதற்குக் குடும்பங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. திட்டத்தில் சேர்ந்த ஒரு மாநிலத்தின் பயனாளி, சேர்ந்துள்ள மற்றொரு மாநிலத்தின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம் என்பது நமக்கு முக்கியமான விதி. 2024 அக்டோபர் முதல், எழுபது வயது நிறைந்தவர்கள் வருமானம் எதுவாயினும் இதில் சேரலாம். எனினும் மாநில அரசாங்கம் தன் செலவில் தனியே சேர்த்துள்ள குடும்பங்களுக்கு இந்த எல்லை கடக்கும் வசதி உண்டா என்பது அந்தந்த மாநிலத்தின் விதியைப் பொறுத்தது. ஊருக்குச் செல்லும்போது அதை விசாரித்து அறிந்து வருவது நலம்.

இனி, இவ்வரலாற்றை நம் அன்றாட வாழ்வுக்குக் கொண்டு வருவோம். முதலில் நம் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். அதில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் நமக்கென்று ஓர் இன்ஷூரன்ஸ் எண் உண்டு. வேலை மாறினாலும், மாநிலம் மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. புதிய முதலாளியிடம் அதையே கொடுக்க வேண்டும். மனைவி மக்கள் திருநெல்வேலியில் இருக்க நாம் சூரத்தில் இருந்தால், குடும்பத்துக்கு அங்குள்ள மருந்தகத்தையே குறிப்பிட்டுப் பதிவு செய்யத் திட்டத்தில் இடமுண்டு. இதைப் பலர் அறியாமலே சந்தா செலுத்தி வருகின்றனர். சம்பளத்தில் பிடித்தம் நடந்தும் எண் தரப்படவில்லையெனில், கேட்டுப் பெறுவது நம் கடமை. சந்தாக் காலத்தின் இடையில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், அக்காலம் முடியும்வரை உறுப்பினர் உரிமை நீடிக்கும்.

கட்டிடத் தொழிலாளருக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் நலவாரியம் ஏற்பட்டது. ஓராண்டில் 90 நாள் வேலை செய்தவர், தாம் வேலை செய்யும் மாநிலத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். பிறந்த ஊர் எதுவென்பது இங்கே தடையன்று. ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலம் செல்வோருக்கு 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இலவச மருத்துவ வசதியை விதித்தது. தாமாக ரயிலேறி வந்தவரை அது கண்டுகொள்ளவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தாமாக வந்தவரையும் வெளிமாநிலத் தொழிலாளர் என்ற இலக்கணத்துக்குள் கொண்டு வந்துள்ளன. 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் இத்தொகுப்புகளில் ஒன்றில் அடங்கிவிட்டது. பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனங்களும் விரும்பினால் ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்பது அதில் உள்ள ஒரு வழி. சிறு பட்டறைகளில் உழைப்போர் தங்கள் முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமரின் 'சுரக்ஷா பீமா' திட்டம், விபத்தால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பணம் தருவது. அது காய்ச்சலுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உதவாது. 'பீமா' என்ற சொல்லை மட்டும் பார்த்து, நோய்க்கும் காப்பு உண்டென்று நம்பியிருப்பது அபாயம். தனியார் பாலிசி வாங்குவோர், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும், அறை வாடகைக்கு வரம்பு என்ன, அருகிலுள்ள எந்த மருத்துவமனை அதன் பட்டியலில் உள்ளது என்ற மூன்றையும் கேட்டறிந்தே கையொப்பமிட வேண்டும். சர்க்கரை வியாதியோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தது பின்னர் வெளிப்பட்டால், தேவைப்படும் நாளில் பாலிசி கைகொடாது.

கான்பூரில் திட்டம் தொடங்கியபோது அதற்கு அடிப்படையாயிருந்த எண்ணம் எளியது: நோயாளியாகிய தொழிலாளி பிச்சை கேட்பவன் அல்லன், தன் பங்கைச் செலுத்தியவன். ஆனால் அன்று அந்த எண்ணம் ஆலைச் சுவருக்குள் நின்றது. பின்னர் குடும்ப அட்டைக்குள்ளும், மாநில எல்லைக்குள்ளும் நின்றது. உழைக்க வந்த இடமும் நோயுற்ற இடமும் எதுவாயினும், உரிமை ஆளைத் தொடர்ந்து வர வேண்டும் என்ற நிலையை நோக்கி நாடு மெல்ல நகர்ந்து வருகிறது. அது முழுமை பெறும்வரை, நமக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை அறிந்து வைத்திருப்பதும், படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு அவருடைய சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுவதும் நம்மால் இயன்ற பணி. தமிழ்ச் சங்கங்கள் விழாக்களுக்கு இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால், பல வீடுகளில் வட்டிக்கடன் புகாமல் தடுக்கலாம்.